இஸ்திரி போட்ட வரைபடமும் எங்கள் இட்டேரியும்

கைபேசியில் வழி சொல்லும் அந்தப் பெண்குரலை நம்பி நான் நடந்த நாள் கிடையாது. பொங்கலூரைத் தாண்டித் தார்ச்சாலையை விட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அது ஒவ்வொரு முறையும் நேராகப் போகச் சொல்கிறது. நேராகப் போனால் ஒரு கோழிப்பண்ணையின் பின்வாசல். எத்தனையோ கூரியர்க்காரர்கள் அந்த நாற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, "லொகேஷனுக்கு வந்துட்டேங்க, உங்க வீட்டைக் காணோமே" என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடு இருக்கிறதப்பா, உன் கையில் இருக்கிற கண்ணாடித் துண்டுக்குத்தான் கண் இல்லை என்பேன். வானத்தில் இத்தனை செயற்கைக்கோள்கள் சேர்ந்து சுற்றி, கடைசியில் ஒரு மனிதனைக் கோழி எச்சத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. இதற்குக் கோடிக்கணக்கில் செலவாம்.

எங்கள் வீட்டுக்கு வரும் வழி ஓர் இட்டேரி. இரண்டு தோட்டங்களின் வேலிகளுக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு விட்டிருக்கும் மண்பாதையைக் கொங்கு நாட்டில் இட்டேரி என்பார்கள். எங்களுடையது அரை கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, இடையிடையே வேப்பமரங்கள். கோடியில் ஒரு தென்னந்தோப்பு, அதை ஒட்டி ஆறு வீடுகள். அதற்கு அப்பால் பள்ளம். மழை பெய்தால் அதில் தண்ணீர் போகும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் முளைக்கும். இட்டேரியை விட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது.

அந்தத் தோப்பின் சொந்தக்காரரை நாங்கள் எல்லோரும் தோட்டத்தய்யா என்று கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டியவர். நான்கு மாடுகள், நாற்பது தென்னைகள். மகள் கல்யாணத்துக்காக ஓரத்துக் காட்டை, இந்தப் பக்கம் விளைநிலத்துக்குக் காடு என்றுதான் பெயர், சைட் பிரித்து விற்றார். அதில் மூன்று சென்ட்டை வாங்கியவர்கள் என் அப்பாவும் அம்மாவும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் பனியன் கம்பெனிகளில் தைத்தவர்கள் அவர்கள். அப்பா இப்போது இல்லை. அம்மாவும் மகளுமாக நாங்கள் இருவர் இருக்கிறோம். நான் பல்லடம் சாலையில் ஒரு சின்ன அறை பிடித்து, வீடு கட்டுகிறவர்களுக்கும் சைட் பிரிக்கிறவர்களுக்கும் கம்ப்யூட்டரில் பிளான் போட்டுக் கொடுக்கிறேன். நிலத்தைப் படமாக்குவதுதான் என் பிழைப்பு, அன்றும் இன்றும்.

தோட்டத்தய்யாவிடம் ஒரு பழக்கம் உண்டு. பிடித்தவர்களைக் கண்ணு, சாமி என்பார். என்னை எப்போதும் கண்ணுதான், எனக்கு நாற்பது வயதாகப் போகிறது என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. பிடிக்காதவர்கள் வந்தால் மரியாதை தூள் பறக்கும். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து லஞ்சத்துக்கு இளித்தபோது, "வாங்க சார், உக்காருங்க சார், மோர் குடிக்கறீங்களா சார்" என்று அவர் பேசியதைக் கேட்டிருக்கிறேன். வந்தவர் மகிழ்ந்து போனார். அவர் போன பிறகு தோட்டத்தய்யா என்னைப் பார்த்து, "அந்த மனுசனுக்கு நம்ம நாயி தேவல கண்ணு" என்றார். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடிக்கும். வக்கணையாகத் திட்டத் தெரிந்தவர்கள் எங்கள் தெற்கத்தி ஊரிலும் உண்டு, ஆனால் வணக்கம் வைத்தே ஒருவனைக் குழியில் இறக்க இந்தப் பக்கத்து ஆட்களால்தான் முடியும்.

போன பங்குனியில் இட்டேரியின் வாயில் ஒரு ஜேசிபி வந்து நின்றது. இரண்டு பக்கத்துக் காடுகளையும் ஒரு பனியன் கம்பெனி வாங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே காம்பவுண்டு கட்டப் போகிறார்களாம். பாதையின் குறுக்கே முழங்கால் ஆழத்துக்குக் கடைக்கால் தோண்டிவிட்டார்கள். பால் கேனோடு வந்த தோட்டத்தய்யாவும் ஸ்கூட்டரோடு வந்த நானும் குழிக்கு இந்தப் பக்கம் நின்றோம். கம்பெனி மேனேஜர் அந்தப் பக்கம் நின்றார். கையில் ஒரு டேப்லெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முகத்தில் வெளிநாட்டு ஆர்டர் கிடைத்தவனின் சலிப்பு.

"ரெண்டு சைடும் எங்க லேண்ட்தாங்க. கவர்ன்மெண்ட் மேப்புலயே இங்க ரோடு கிடையாது" என்றார். ட்ரோன் விட்டு எடுத்த படத்தையும் காட்டினார். இரண்டு நாட்களுக்கு முன்னால் தலைக்கு மேல் இரைந்து தோப்பு மாடுகளைக் கதிகலங்கச் செய்தது அந்த ட்ரோன்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

தோட்டத்தய்யா படத்தைக் குனிந்து பார்த்தார். "ஏனுங்க சார், பச்சையா ரெண்டு கோடு ஓடுதுங்களே, அது என்னங்க?"

"அது ட்ரீ லைன்."

"நடுவுல செவப்பா ஒண்ணு கெடக்குதுங்களே சார்?"

"அது வெறும் மண்ணு."

"மண்ணுதானுங்க சார். அந்த மண்ணு மேலதானுங்க நாங்க இத்தன வருசமா நடக்கறோம்."

மேனேஜர் இதற்கு அசரவில்லை. வழி இல்லாமல் கஷ்டமாக இருந்தால் தோப்பையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளும், எம்.டி.யிடம் பேசுகிறேன் என்றார். பேச்சு அங்கேதான் வந்து நிற்கும் என்று எனக்கு முதலிலேயே தெரியும். வழியில்லாத நிலத்துக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்பது இந்த ஊரில் சைட் புரோக்கர் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். பாதை போனால் பால் வண்டி வராது, மாடு நிற்காது, தேங்காய் வெளியே போகாது. ஆறு மாதத்தில் அவர்கள் சொல்கிற விலைக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான். அதற்கு அடுத்து நாங்கள் ஆறு வீடுகள்.

"நான் பாத்துக்கறேங்கய்யா, மேப்பு எல்லாம் எனக்குத் தெரியும்" என்று அவரிடம் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அன்றைக்கு நன்றாகவே கத்தினேன்.

மறுநாள் குழியின் மேல் ஒரு பலகையைப் போட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக் கடந்து, அவரை ஏற்றிக்கொண்டு தாலுகா அலுவலகம் போனேன். நில அளவைப் பிரிவில் ஒரு இளம் அதிகாரி. நாங்கள் சொன்னதைக் கேட்கும் முன்பே மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அவரைப் போன்றவர்களுக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்பதே மானிட்டர் சொன்னால்தான் உண்டு. தோட்டத்தய்யா தன் தாத்தா காலத்துப் பத்திரத்தை நீட்டினார். அதில் நான்கு எல்லை சொல்லும் இடத்தில் 'தென்வடல் இட்டேரிக்குக் கிழக்கு' என்று அழகாக எழுதியிருந்தது.

"பத்திரத்துல ஆயிரம் எழுதுவாங்க. சிஸ்டத்துல என்ன இருக்கோ அதுதான்" என்றார் அதிகாரி.

"பதிவேட்டுல அந்தப் பாதைக்குத் தனி சர்வே நம்பர் இருக்கே சார்" என்று நான் கேட்டேன்.

"நம்பர் இருக்குங்க. இதோ, கம்பெனி காட்டுக்குள்ள இருக்கு. அது பாதையில்ல, சும்மா மூலையில ஒரு துண்டு புறம்போக்கு. கம்பெனி அதுக்குப் பதில் வேற எடம் குடுத்துக்கும்."

நான் திரையைப் பார்த்தேன். இரண்டு காடுகளும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. இடது பக்கத்துக் காட்டின் வடகிழக்கு மூலையில், கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, அந்த எண் அநாதையாக உட்கார்ந்திருந்தது. திருப்பூரில் பழகிய டெய்லருக்குத் தான் தைத்த தோள்பட்டையை நூறு பனியன் நடுவிலும் அடையாளம் தெரியும். எனக்கும் தெரிந்தது. அந்த எண்ணை அங்கே வைத்தது நான்.

பதினைந்து வருடங்களுக்கு முன்னால், திருப்பூர் ராயபுரத்தில் பட்டனும் ஜிப்பும் விற்கிற கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்பது பெரிய வார்த்தை. எட்டு கம்ப்யூட்டர், இரண்டு மின்விசிறி, ஒரு முதலாளி. கிராமங்களின் பழைய புலப்படங்களை, அதாவது ஒவ்வொரு காட்டுக்கும் தனித்தனியாக அளந்து காகிதத்தில் வரைந்து வைத்திருந்த படங்களை, ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் கோடு கோடாக ஏற்றி ஊர்ப் படமாக ஒட்டுகிற வேலை. அந்த வேலையை யாரோ ஒரு பெரிய நிறுவனம் எடுத்து, அதனிடமிருந்து இன்னொருவன் எடுத்து, அவனிடமிருந்து மற்றொருவன் எடுத்து, கடைசியில் எங்கள் மாடிக்கு வந்திருந்தது. பனியன் ஊரில் இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். நாட்டின் நிலத்தையே ஜாப் ஒர்க்குக்கு விட்டார்கள் என்பதை வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முதலாளி அதற்கு முன்னால் பனியன் செக்கிங், பேக்கிங் எடுத்துச் செய்தவர். படமும் அவருக்கு ஒரு பனியன்தான். பழைய காகிதங்கள் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி ஸ்கேனரில் போகவில்லை என்றோம். மறுநாள் காலையில் ஒரு கம்பெனியிலிருந்து அயர்ன் மாஸ்டரைக் கூட்டி வந்து மேசை போட்டுவிட்டார். ஸ்டீம் அயர்ன், மேலே விரிக்க ஒரு வெள்ளைத் துணி. நூறு வருடத்துக் காகிதத்துக்கு இஸ்திரி போட்ட அறிஞர்கள் உலகத்தில் வேறெங்கும் இருக்க மாட்டார்கள். மாஸ்டரும் பாவம், காலர் மடிக்கிற கவனத்தோடுதான் போட்டார். ஒரு நாள் மதியம் துணி விலகிப் பெட்டியின் மூக்கு ஒரு படத்தின் ஓரத்தில் இறங்கிவிட்டது. பழுப்பாகக் கருகிக் கோடுகள் போய்விட்டன. மாஸ்டர் பயந்து போனார்.

"ஓரந்தானுங்க, உடுங்க. ஓரத்துல ஊரா இருக்கப் போவுது?" என்றார் முதலாளி. நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

இஸ்திரிக்கு அடுத்தது பிசிறு. பக்கத்துப் பக்கத்துக் காடுகளின் படங்களைச் சேர்த்து ஒட்டும்போது விளிம்புகள் சரியாகப் பொருந்தாது. நடுவில் மெல்லிய இடைவெளிகள் நீளமாக விழும். பனியனில் தொங்கும் நூலைச் சொல்வது போல முதலாளி அதைப் பிசிறு என்பார். பிசிறு இருந்தால் பையர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவான், எனக்குப் பிசிறே இருக்கக் கூடாது என்று நாள் முழுக்க நச்சரிப்பார். மென்பொருளில் அதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. எவ்வளவு அகலத்துக்குக் குறைந்ததை அழிக்க வேண்டும் என்று கேட்கும். நாம் ஒரு எண் கொடுத்தால், அதைவிட மெலிந்த துண்டுகளையெல்லாம் பக்கத்துக் காட்டோடு சேர்த்துவிடும். ஒரு ஜாண், இரண்டு ஜாண் என்று சின்ன எண்ணாகக் கொடுத்தால் பிசிறு பாதி மிஞ்சும், மிச்சத்தைக் கையால் வெட்ட வேண்டும். பெரிதாகக் கொடுத்தால் ஒரே தட்டில் முடிந்துவிடும். ஷீட் கணக்கில் கூலி. நான் ஒரு வண்டியின் அகலத்துக்கும் மேலே கொடுத்தேன்.

ஒரு நொடிதான். ஊரில் இருந்த இட்டேரியெல்லாம் போய்விட்டது. கத்தரி பிடித்துப் பிசிறு வெட்டுகிற பெண்கள் துணியில் ஓர் ஓட்டை விழுந்தால் பதறிப் போவார்கள். படித்தவள் நான் பதறவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் கொடுத்தது. இந்த எண்களெல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன, படத்தில் இடம் இல்லை என்றது. முதலாளியிடம் காட்டினேன். "ஏதாவது ஒரு காட்டுக்குள்ள வெச்சு உடுங்க, எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும்" என்றார். எங்கே வைப்பது என்று நான் யோசித்தபோது பக்கத்து சீட்டுப் பெண், "ஈசானிய மூலையில வை, சாமி பாத்துக்கும்" என்று கிண்டலடித்தாள். அது எனக்குப் பிடித்துப் போனது. அன்றிலிருந்து இடம் இல்லாத எண்களையெல்லாம் வடகிழக்கு மூலையில் வைத்தேன். எத்தனை ஊர்களுக்கு அப்படிச் செய்தேன் என்று நினைவில்லை.

அவை பாதைகள் என்று தெரியாது என நான் இப்போது சொல்லிக்கொள்ளலாம். தெரியும். இவ்வளவு நீளமாக, இவ்வளவு மெலிதாக வேறு என்ன கிடக்கும்? எந்த ஊர், யார் நடக்கிற பாதை என்பதுதான் தெரியாது. திரையின் மேல் மூலையில் ஊரின் பெயர்கூட இருக்காது, ஒரு நீண்ட எண்தான் இருக்கும். அதனால் எனக்கு வலிக்கவில்லை. பல வருடம் கழித்து அதே ஊரில் இடம் வாங்கி, நான் அழித்த பாதையிலேயே தினமும் வந்து போவேன் என்று யார் கண்டது?

இத்தனைக்கும் நான் கல்லூரியில் பூகோளம் படித்தவள். வேறு பாடத்தில் இடம் கிடைக்கவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் பேராசிரியர் இந்த நாட்டை அளந்த கதையைக் கந்தபுராணம் மாதிரி சொல்வார். சென்னையில் பரங்கிமலைப் பக்கம் ஒரு நேர்கோட்டை அளந்துகொண்டு, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயமலை வரைக்கும் போனார்களாம். அரை டன் எடையுள்ள கருவியைத் தஞ்சாவூர்க் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியதாம். அதைச் சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைக்கும். சங்கிலி தூக்கிக் காடுகளில் காய்ச்சல் வந்து செத்த கூலிக்காரர்களுக்கு அவர் தொண்டை அடைத்து நான் பார்த்ததில்லை. வெள்ளைக்காரனுக்கு வரி வேண்டியிருந்தது, பட்டாளம் நடக்க வழி வேண்டியிருந்தது. அதற்குத்தான் இத்தனை அறிவியலும்.

அவன் போன பிறகு நம் ஆட்கள் அந்தப் படங்களை ரகசியம் என்று பூட்டி வைத்தார்கள். மாணவி நான் ஒரு ஷீட் கேட்டுப் போனபோது, எதிரிக்கு உளவு சொல்ல வந்தவளைப் போல என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அயல்நாட்டுச் செயற்கைக்கோள் வந்து எல்லோர் வீட்டு மொட்டை மாடியையும் காயப்போட்ட மிளகாயோடு உலகத்துக்கே காட்டிய பிறகும் அவர்கள் பீரோ சாவியை விடவில்லை. இப்போது தலைகீழாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அளக்கலாம், யார் வேண்டுமானாலும் ட்ரோன் விடலாம். ஆனால் அந்தக் காலத்தில் சங்கிலி பிடித்து எங்கள் காடுகளை அளந்த கூலிக்காரன் ஒருவன்தான் கிளுவை முள்ளில் கால் வைத்து நடந்திருக்கிறான். அவன் ஓர் இட்டேரியையும் விடவில்லை. இரண்டு பக்கமும் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு விரலால் அதை அழித்தேன்.

தாலுகா அலுவலகத்தில் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன். அது மட்டும் என்றால் பரவாயில்லை. தாசில்தாருக்கு மனுவை நானே எழுதினேன். 'பொறுப்பற்ற யாரோ ஒரு ஒப்பந்த ஊழியரின் கவனக்குறைவால் எங்கள் பாதை வரைபடத்திலிருந்து விடுபட்டுள்ளது' என்று கூசாமல் எழுதித் தோட்டத்தய்யாவுக்குப் படித்தும் காட்டினேன். அவர் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

"நல்லா எழுதியிருக்கற கண்ணு. அந்த ஆளு மட்டும் கையில கெடைச்சா ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்."

"என்ன கேப்பீங்கய்யா?"

"ஒரே ஒருக்கா இந்தப் பக்கம் வந்து நடந்து பாத்தியான்னுதான். வேறென்ன கேக்கறது?"

நான் மனுவை மடித்து உறையில் போட்டேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னிடம் யார் பிளான் போட வருவார்கள் என்று அப்போது காரணம் தேடினேன். உண்மையான காரணம் அதுவல்ல. அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிடுவது நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "வழி போச்சுன்னா அந்த மனுசன் தோட்டத்த வித்துட்டுல்லா போவாவ. நீ இங்கன உக்காந்து அதையும் படம் போட்டுக் குடுப்பியாட்டி?" என்றாள்.

விசாரணை நாள் வந்தது. தாசில்தார், அந்த இளம் அதிகாரி, மேனேஜர், நாங்கள் இருவர். தாசில்தார் ஓய்வு பெற இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் முகத்தோடு இருந்தார். பதிவறையிலிருந்து மூலப் படத்தைக் கொண்டு வரச் சொன்னார். அது வந்தது. நூல் கட்டைப் பிரித்து மேசையில் விரித்தார்கள். இட்டேரி இருக்க வேண்டிய ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை. உள்ளே கோடும் இல்லை, எண்ணும் இல்லை.

"கரையான் அரிச்சிருக்குங்க சார்" என்றார் இளம் அதிகாரி.

"இல்லய்யா, எவனோ டீய ஊத்தியிருக்கான்" என்றார் தாசில்தார்.

"எப்படியோ, ஒரிஜினல்லயும் ரோடு இல்லைங்க சார்" என்றார் மேனேஜர். அவர் குரலில் அன்றைக்குத்தான் கொஞ்சம் உயிர் வந்தது.

மூன்று பேர் மூன்று விதமாகக் கண்டுபிடித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறையின் ஒரு பக்கம் அகலமாக ஆரம்பித்து மறுபக்கம் கூராக முடிந்தது. வீட்டில் சட்டை தேய்க்கிற எவருக்கும் தெரிய வேண்டிய வடிவம். தோட்டத்தய்யா தன் பத்திரத்தைச் சுருட்டி, வேட்டி மடிப்பில் வைக்கப் போனார். இனி காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அது இஸ்திரிப் பெட்டி சார்" என்றேன்.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ராயபுரத்து மாடி, ஸ்டீம் அயர்ன், பிசிறு, நான் தட்டிய எண், ஈசானிய மூலை. அந்த எண் கம்பெனி காட்டுக்குள் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை, இடம் கிடைக்காததால் அங்கே செருகினேன் என்றேன். இளம் அதிகாரி சந்தேகப்பட்டு அதே ஊரின் இன்னும் சில பாதை எண்களைத் திரையில் தேடினார். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காட்டின் வடகிழக்கு மூலையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. சாமி பார்த்துக்கொண்ட லட்சணம்.

"ஏம்மா, மனுவுல யாரோ ஒரு ஊழியர்னு எழுதியிருக்கீங்களே?" என்று கேட்டார் தாசில்தார்.

"அந்த யாரோ நான்தான் சார்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது தோட்டத்தய்யா பக்கம் நான் திரும்பவில்லை. அவர் அந்தப் பழுப்புக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் பின்னால் ஏறுவார் என்று காத்திருந்தேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்பார் என்றும் காத்திருந்தேன். நடந்து பார்த்தியா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லி அழுதிருப்பேன். அவர் கேட்கவில்லை. சந்தையில் கொஞ்சம் வேலை இருக்கிறது, பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்றார். அன்றைக்குச் சந்தை நாள் இல்லை.

தாசில்தாரின் உத்தரவில் இரண்டு வாரத்தில் அளக்க வந்தார்கள். கம்பின் உச்சியில் தட்டு வைத்த புதுக் கருவி, அதைத் தூக்க ஒரு ஆள், அதைப் பார்க்க ஒரு ஆள். வேப்பமரத்தடியில் நிறுத்தினால் கருவிக்குச் செயற்கைக்கோள் சரியாகக் கிடைக்கவில்லை. இலை மறைக்கிறதாம். அரைமணி நேரம் அதை அங்கும் இங்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள், கல்யாண வீட்டில் சிக்னல் தேடுகிறவர்களைப் போல. கடைசியில் வண்டியிலிருந்து டேப்பை எடுத்து, பக்கத்துக் காடுகளின் பழைய படங்களைப் பார்த்து இழுத்து அளந்தார்கள். அந்தப் படங்கள் சொன்ன இடத்தில் வேலிக்கு அடியில் மண்ணைக் கிளறினால் கல் இருந்தது. அடுத்த கல்லும் இருந்தது. பெயர் தெரியாத அந்தச் சங்கிலிக்காரன் எங்கே நட்டானோ அங்கேயே, இட்டேரியின் இரண்டு ஓரத்திலும், ஒன்றும் பிசகாமல் இருந்தன.

கம்பெனி காம்பவுண்டை இரண்டாகப் பிரித்துக் கட்டிக்கொண்டது. குழியை மூடினார்கள். மேனேஜர் இப்போது எங்களைப் பார்த்தால் டேப்லெட்டைப் பார்க்கிறார். அரசாங்கப் படத்தில் எங்கள் இட்டேரி திரும்ப வந்துவிட்டது. அந்த இளம் அதிகாரியே கூப்பிட்டுச் சொன்னார், தானே வரைந்த மாதிரி. கைபேசிப் பெண் மட்டும் இன்னும் கோழிப்பண்ணைக்குத்தான் போகச் சொல்கிறாள். மற்ற ஊர்களில் நான் செருகிய எண்களைப் பற்றியும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை, வரும் என்று நினைக்கிற அளவுக்கு நான் அப்பாவியும் இல்லை.

தோட்டத்தய்யாவின் பால் வண்டி பழையபடி காலையில் வந்து போகிறது. எங்கள் வீட்டுக்குப் பாலும் நிற்கவில்லை. அளவும் குறையவில்லை.

போன வாரம் நான் வேலைக்குக் கிளம்பியபோது அவர் வெயிலில் தார்ச்சாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கையில் துணிப்பை. பக்கத்தில் போய் ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

"ஏறுங்கய்யா, பஸ் ஸ்டாப்புல விட்டுடறேன்."

அவர் வேலியோரமாக ஒதுங்கி நின்று, இடுப்பை லேசாக வளைத்து, நான் போவதற்குக் கையால் பாதையைக் காட்டினார்.

"நீங்க போங்க மேடம். இந்த வழி நமக்குத் தெரியுமுங்க."